குணமாகாத நோய்க்கு எதற்கு டாக்டர்?

சென்ற தீபாவளிக்கு மறுநாள் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார்: "குணமாக்க முடியாதுன்னு டாக்டருங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கும்மா அண்ணனை அங்க இழுத்துக்கிட்டு அலையுற? வீட்டுல நிம்மதியா இருக்கட்டுமே." அப்பா பக்கத்து அறையில் இருந்தார், அவர் காதிலும் விழுந்திருக்கும். சித்தப்பா இதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அப்பாவுக்கு நடை தடுமாறத் தொடங்கியதிலிருந்து, காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போய் அவரை நடக்க வைப்பவர் அவர்தான். அதனாலேயே அந்தச் சொற்களைக் காதில் வாங்காததுபோல் விட்டுவிட என்னால் முடியவில்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவரே நரம்பியல் மருத்துவரிடம் போவது வீண் என்று நினைக்கிறார் என்றால், நம் குடும்பங்களில் எத்தனை பேர் அப்படி நினைத்து வீட்டோடு இருந்துவிடுகிறார்களோ என்ற எண்ணம் என்னை விடவே இல்லை.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பார்க்கின்சன் நோயைக் குணப்படுத்தவோ அதன் போக்கை நிறுத்தவோ இன்றுவரை மருந்து கிடையாது. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன, மடிந்தவை திரும்புவதில்லை. கையிலும் காலிலும் நோய் வெளியே தெரியும் வேளையில் அந்த உயிரணுக்களில் பாதியோ அதற்கும் மேலோ போய்விட்டிருக்கும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. இதையெல்லாம் டாக்டரே எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாம் பாதியோடுதான் எனக்கு வழக்கு. குணமாக்க முடியாத நோயில் மருத்துவர் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

அப்பாவுக்கு இது தோள்பட்டை வலியாகத்தான் தொடங்கியது. வலது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு கிளினிக்கில் அதைத் தோள்மூட்டு இறுக்கம் என்று சொல்லி ஊசி போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள். நெடுநாள் அப்படியே ஓடியது. கை நடுங்கவே இல்லை என்பதால் பார்க்கின்சன் என்ற பேச்சே எழவில்லை. நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதும், ஒரு பக்கத் தோள் இறுகுவதே அதன் முதல் அடையாளமாக இருக்கலாம் என்பதும் பிறகு நாங்கள் அறிந்தவை. வலது கால் தரையை உரசத் தொடங்கியது, குரல் தணிந்தது, முகத்தில் அசைவு குறைந்ததால், எப்போதும் கோபமாக இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். அதன் பிறகுதான் அரசு மருத்துவமனையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கிடைத்தது.

பார்ப்பதே வேலை

அந்த முதல் நாளில் டாக்டர் செய்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். நாங்கள் அறைக்குள் நுழையும்போதே அவர் கணினியை விட்டு நிமிர்ந்து அப்பாவின் நடையைப் பார்த்தார். இடது கை வீசியது. வலது கை உடலோடு ஒட்டியிருந்தது. உட்காரவைத்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து வேகமாகத் தட்டச் சொன்னார். முதல் நான்கைந்து தட்டல்கள் நன்றாக விரிந்தன. பிறகு ஒவ்வொன்றும் முன்னதைவிடக் குறுகிக்கொண்டே வந்து, விரல்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நின்றுவிட்டன. அப்பா தம் விரல்களையே வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டியபடி, இடது கையை மட்டும் காற்றில் திறந்து மூடச் சொன்னார். ஒரு கை வேலை செய்யும்போது மறு கையின் இறுக்கம் வெளிப்படும் என்று எனக்கு விளக்கினார். கடைசியாக அப்பாவின் பின்னால் நின்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோள்களைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். அப்பா இரண்டடி பின்னால் வந்து சமாளித்து நின்றார். தாமாக நிலைகொள்கிறாரா, தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதே அந்தச் சோதனை.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் எங்களைத் திகைக்க வைத்தன. வாசனை தெரிகிறதா? மலச்சிக்கல் எத்தனை காலமாக இருக்கிறது? தூக்கத்தில் கத்துவாரா, கை காலை வீசுவாரா? அப்பாவுக்கு மலாயில் பேசுவது எளிது என்பதால் டாக்டர் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு, அதுவரை பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா பதில் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே அப்பா கனவில் யாரையோ விரட்டுவார், உதைப்பார் என்றும், ஒருமுறை கட்டில் ஓரத்து விளக்கையே தட்டி உடைத்துவிட்டார் என்றும், அதன் பிறகு தாம் வேறு அறையில் படுப்பதாகவும் அம்மா சொன்னார். கனவு காணும்போது உடலைக் கட்டிப்போட்டு வைக்கும் மூளைத்தண்டுப் பகுதி பழுதடைந்தால் கனவு அப்படியே கையிலும் காலிலும் நடந்தேறும். பலருக்கு இது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னதாக வருகிறது. ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் திரண்டு கட்டியாவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் வாசனை நரம்பிலும் தொடங்கி மேலேறுகிறது என்று ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்த கருத்து எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாவிட்டாலும், அம்மா சொன்ன கதைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

அப்பா அதுவரை சாப்பிட்டுவந்த மாத்திரைகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்தார். வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் நீண்டநாள் எடுத்தால் பார்க்கின்சனைப் போலவே உடலை இறுக்கிவிடும். அவற்றை நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடும். அப்பாவின் பையில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இருந்திருந்தால்? குணமாகாத நோய் என்று முடிவுகட்டி வீட்டிலேயே இருந்துவிடும் ஒருவருக்கு, உண்மையில் குணமாகக்கூடிய ஒன்றுதான் வந்திருக்கிறது என்பதை யார் சொல்வார்கள்? சித்தப்பாவுக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான்.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்தபோது அவர் எழுதியது ஆறு பேரைப் பற்றி மட்டுமே. அவர்களுள் சிலர் அவரிடம் சிகிச்சைக்கே வராதவர்கள், தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். ஸ்கேன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. நடையையும் கையையும் குனிந்த முதுகையும் ஊன்றிப் பார்த்து எழுதினார். இரு நூற்றாண்டுகள் கழித்தும் அப்பாவின் நோயைக் கண்டுபிடித்தது அதே கண்தான். சாதாரண ஸ்கேனில் அப்பாவின் மூளை அந்த வயதுக்கு உரியபடிதான் இருந்தது.

மாத்திரை நேரம்

அப்பா எடுக்கும் மாத்திரை லெவோடோபா. டோபமீனை அப்படியே விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், நுழைந்தபின் அங்கே டோபமீனாக மாறும். இந்தப் பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937இல் சென்னையிலிருந்து அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தியிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா செலுத்தி அவற்றை மீண்டும் எழுந்து திரிய வைத்தார். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, குறிப்பிட்ட பகுதியில் டோபமீன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே அங்கு நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போடப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியாகக் கொடுக்கும் முறையைக் காட்டினார். எங்கள் வீட்டு மேசையில் இருக்கும் மடோபார் என்ற லெவோடோபா மாத்திரை அட்டைக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த வியன்னா நோயாளிகளையும் சேர்த்து.

கோவிலில் பழக்கமான ஒருவர், மாத்திரையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுமாறு அப்பாவுக்கு அறிவுரை சொல்லியிருந்தார். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலன் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் இருக்கிறது. நெதர்லாந்தில் 445 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினருக்கு உடனேயும் மறு பாதியினருக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா கொடுத்தார்கள். 80 வாரம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவினரின் நிலையிலும் வேறுபாடு இல்லை. சீக்கிரம் தொடங்கியதால் நோயின் வேகம் குறையவில்லை, கெடுதலும் நேரவில்லை. தள்ளிப்போட்டவர்கள் அந்த 40 வாரத்தைச் சிரமப்பட்டே கழித்தார்கள் என்பதுதான் மிச்சம். டாக்டர் இதைச் சொன்ன அன்று மாலையே அப்பா மாத்திரையைத் தொடங்கினார்.

சட்டை பொத்தானைத் தாமே போட்டார். சித்தப்பாவோடு ஏரியைச் சுற்றி வந்தார். சில ஆண்டுகள் நன்றாகவே சென்றன. பிறகு நண்பகலுக்கு முன்பே உடல் கனக்கத் தொடங்கியது. அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எந்த வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்று எழுதிவைத்த பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. மாத்திரை போட்ட நேரம், பசியாறிய நேரம், கால் கனத்த நேரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார். ஒருமுறை அதை டாக்டரிடம் காட்டுவதற்கு எடுத்துப் போனோம். டாக்டர் சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைச் சற்று உயர்த்தி என்னை நிறுத்தினார். பக்கங்களைப் புரட்டி, எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவின் முனையால் ஒரு வரியைத் தொட்டு, "இது எத்தனை மணிக்கு எழுதியது?" என்று கேட்டார். காலை ஒன்பது. இன்னொரு வரி? பதினொன்றே முக்கால். அதற்கும் கீழே? ஒன்றரை.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒன்பது மணி எழுத்துகள் கோட்டை நிறைத்துக்கொண்டு நின்றன. பதினொன்றே முக்கால் வரி பெரிதாகத் தொடங்கி முடிவில் எறும்பு ஊர்ந்ததுபோல் குறுகியிருந்தது. ஒன்றரை மணி வரியில் அப்பாவாலேயே சில எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. மாத்திரை போட்ட பிறகு எழுதிய மாலை வரியில் எழுத்து மீண்டும் விரிந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. அப்பா நேரத்தைத்தான் பதிவு செய்தார். அவருடைய மூளையில் டோபமீன் ஏறி இறங்கியதை அவருடைய கை தன் போக்கில் பதிவு செய்துகொண்டிருந்தது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய நோட்டிலிருந்து அந்த டாக்டர் என் தந்தையின் நோயை என்னைவிடத் தெளிவாகப் படித்தார். மருத்துவம் என்பது மருந்துச்சீட்டு எழுதுவதோடு முடிந்துவிடுகிறது என்று இனி யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

காரணத்தையும் அவர் விளக்கினார். லெவோடோபா இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், எஞ்சியிருக்கும் உயிரணுக்கள் அதை டோபமீனாக மாற்றிச் சேமித்துவைத்துச் சிறிது சிறிதாக வெளியிடும். அவையும் குறையக் குறையச் சேமிக்க இடமில்லாமல் போகிறது. போதாக்குறைக்கு, அப்பா மாத்திரையைப் பசியாறும்போதே பாலும் மைலோவுமாக விழுங்கிவந்தார். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் எல்லையிலும் ஒரே வாயிலில் நுழைய முண்டுகின்றன. ஆகவே நாளுக்கு மூன்று முறை என்பது, அளவைக் குறைத்து ஐந்து முறையாக மாறியது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. நண்பகலுக்குமேல் அப்பாவால் மீண்டும் நாளிதழைப் பிரித்துப் பிடிக்க முடிந்தது. வாரத்தில் சில நாள் இப்போதும் பிடிக்க முடிவதில்லை. இதை முழுமையான வெற்றி என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் ஒரு மனிதருக்குத் தம்முடைய பிற்பகல்கள் திரும்பக் கிடைத்தன.

நம்மவர்களின் இரத்தம்

சித்தப்பா உண்மையிலேயே கோபப்பட்டது வேறொரு விஷயத்துக்கு. மரபணு ஆய்வு ஒன்றுக்காக இரத்தம் கொடுக்க விருப்பமா என்று அப்பாவிடம் கேட்டிருந்தார்கள். "அண்ணனை வச்சு சோதனை பண்றாங்களா?" என்று சித்தப்பா குரலை உயர்த்தினார். அப்படி எண்ணுவதற்கு நம் மக்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி காலத்திலிருந்தே, எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டிப் பழகியவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் இங்கே நடந்தது அதற்கு நேர்மாறானது. இதனால் உங்களுக்கு நேரடியாக ஒரு பயனும் இருக்காது, மறுத்தால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது, ஒப்புக்கொண்டபின் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வீட்டில் யோசித்துவிட்டு வருமாறு தாளையும் கொடுத்தனுப்பினார்.

என்னை அசைத்தது அவர் கொடுத்த விளக்கம். எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் நேரும் ஒரு மாற்றம் வட ஆப்பிரிக்காவின் அரபு, பெர்பர் மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் பார்க்கின்சன் நோய்க்கு முக்கியமான காரணமாக இருக்கிறது. சீன வம்சாவளியினரிடம் அது அரிது. அதே மரபணுவின் வேறு இரு மாற்றங்கள் அவர்களிடம் பரவலாக உள்ளன. 2019இல் தொடங்கிய உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டம் 1,50,000 பேரின் மரபணுவைச் சேகரிக்க முனைந்தபோது, ஐரோப்பியர் அல்லாதவர்களைத் தேடிப் போனது. அதன் பயனாக 2023இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஜிபிஏ1 மரபணுவில் அதுவரை யாரும் அறியாத ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியரின் இரத்தத்தை மட்டும் இன்னும் நூறாண்டு ஆராய்ந்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. மலேசியாவில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். நாம் வராவிட்டால் நம்மைப் பற்றிய பக்கம் வெறுமையாகவே இருக்கும். நாளை ஒரு மருந்து வரும்போது அது நம் உடலுக்கு எப்படிப் பொருந்தும் என்று சொல்ல யாரிடமும் விவரம் இருக்காது.

ஆய்வு என்றால் எல்லாம் வெற்றியில் முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழித்தால் பார்க்கின்சன் நோயாளிகளின் உடல் இயக்கம் மேம்படும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். இங்கே கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து நரம்பியல் மருத்துவர்கள், பாதிப் பேருக்கு உண்மையான மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள்: மேம்படவில்லை. இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். உலகெங்கும் எத்தனையோ நோயாளிகள் தேவையற்ற ஆண்டிபயாட்டிக் மருந்திலிருந்து தப்பித்தார்கள்; அதற்கு இந்த ஊர் நோயாளிகள் தங்கள் உடலைத் தந்தார்கள்.

பினாங்கில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அல்சைமர். லெகானெமாப் என்ற புது மருந்தைப் பற்றிச் செய்தியில் படித்த அவர் மகள், மருந்து வந்துவிட்டது என்று மகிழ்ந்து அங்குள்ள நரம்பியல் மருத்துவரிடம் ஓடினாள். அவர் எண்களை எடுத்துவைத்தார்: ஏறத்தாழ 1,800 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களின் சரிவு 27 விழுக்காடு மெதுவாக இருந்தது, 18 புள்ளி அளவுகோலில் அது அரைப் புள்ளிக்கும் குறைவு, சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்பட்டன, அதோடு இது தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கான மருந்து. பெரியம்மா அந்த நிலையைத் தாண்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மருத்துவர் அவருடைய காது கேட்கும் திறனையும், இரவில் அவர் எழுந்து வெளியே போகாதபடி கதவை என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் பற்றி நெடுநேரம் பேசினாராம். அதுவும் நரம்பியல் மருத்துவம்தான். நம்பிக்கையை விற்பது எளிது. அளந்து கொடுப்பதற்குப் படிப்பும் வேண்டும், மனமும் வேண்டும்.

அப்பா அந்தத் தாளைச் சில நாள் வைத்திருந்து படித்தார். அடுத்த முறை போனபோது டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். என் பெயர் வெளியே வருமா? வராது, எண்ணாக மட்டும்தான் இருக்கும். பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருமா என்று இதில் தெரியுமா? பெரும்பாலோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. தனிப்பட்ட முடிவை அறிய விரும்பினால் அதற்கு முன் தனியாக ஆலோசனை உண்டு, அறிய வேண்டாம் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். காலை நேரம் என்பதால் எழுத்து நன்றாகவே விழுந்தது.

இப்போது வீட்டில் நடக்கும் வழக்கு வேறு. வியன்னா கதையை நான்தான் அப்பாவிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, தாம் போன பிறகு தம்முடைய மூளையை ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா என்று அவர் கேட்டார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கொள்ளி வைக்க வேண்டிய நான் உடலை முழுதாகத்தான் அனுப்புவேன் என்று என் அண்ணன் உறுதியாக இருக்கிறான். சித்தப்பா இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. கண் தானம் பற்றி இருபது ஆண்டுகளுக்கு முன் நம் வீடுகளில் இதே பேச்சுதான் நடந்தது. இன்று அதற்கு யாரும் பதறுவதில்லை என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அண்ணனின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அப்பாவின் பக்கம். கேட்க வேண்டியவற்றை அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: இங்கே அதற்கு வழி இருக்கிறதா, யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், இறுதிச் சடங்கு தாமதமாகுமா. டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம் போகிறோம். அண்ணனையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறான்.